நாற்பது பேரோடு முக்திநாத், நாலு பேரோடு காசி

மும்பை மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. "ஏம்ப்பா, குரூப்ல போனா தலைக்கு இவ்ளோ கேக்கறாளே, நாமளே டிக்கெட் எடுத்துண்டு போனா பாதிதானே ஆகும்?" டீயை ஆற்றிக்கொண்டே பக்கத்து வீட்டு மாமி இதைத்தான் கேட்டார். கையில் காசி-கயா-பிரயாகை யாத்திரை நோட்டீஸ். போனில் மகன் அனுப்பிய ஐரோப்பா டூர் விளம்பரம். இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது மாமி என்றேன். அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், குரூப்பில் போனால் செலவு கூடும் என்ற எண்ணத்தையே தள்ளி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். குரூப் டூர் பிறந்ததே செலவைக் குறைப்பதற்காகத்தான். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்ற ஆங்கிலேயர், லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 500 பேரை ரயிலில் கூட்டிப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். மொத்தமாக ஆள் சேர்த்துக்கொடுத்ததால் ரயில் கம்பெனி அந்த விலைக்கு ஒத்துக்கொண்டது. இன்றைக்கும் தொழிலின் அடிப்படை அதுதான். நாற்பது அறைக்கு ஓட்டல்காரர் சொல்லும் விலையை ஓர் அறைக்கு நமக்குச் சொல்லமாட்டார். இப்படி மொத்த விலையில் மிச்சமாகும் பணத்தின் மேல் டூர் மேனேஜர் சம்பளம், கம்பெனி லாபம், 5 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் ஏறுகின்றன. அதே தரத்து அறை, அதே தரத்து வண்டி என்று வைத்துக் கணக்குப் போட்டால் "பாதிதானே ஆகும்" என்பது அநேகமாகப் பலிக்காது. பாதியாகிறது என்றால் அறையும் வண்டியும் ஒரு படி இறங்கியிருக்கின்றன என்று அர்த்தம். அதில் தப்பில்லை. தெரிந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் எல்லாரும் கவனிக்காமல் விடுவது எத்தனை பேர் போகிறோம் என்பதை. ரயில் டிக்கெட்டும் சாப்பாடும் தலைக்கு இவ்வளவு என்று ஆகும் செலவு. கார் வாடகை வண்டிக்கு ஆகும் செலவு. காசியிலிருந்து பிரயாகை சுமார் 120 கிலோமீட்டர். கயா சுமார் 250. இரண்டுக்கும் காரில் போய்வர ஒரு பேச்சுக்கு 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் போனால் தலைக்கு 8,000. நாலு பேர் போனால் 4,000. அறையிலும் கூடுதல் கட்டில் போட்டுக்கொள்ளும் குடும்பத்துக்கு இதே கதைதான். கணவனும் மனைவியும் மட்டும் போனால் குரூப்பும் சொந்த ஏற்பாடும் கிட்டத்தட்ட ஒரே விலையில் வந்து நிற்கும். நாலு பேர் சேர்ந்தால் சொந்த ஏற்பாடு முந்திவிடும். மாமியும் மாமாவும், மாமியின் தங்கையும் அவர் வீட்டுக்காரரும் என்றால் காசிக்கு நோட்டீஸ் தேவையில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

காசியை ஏன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், தமிழர்களுக்கு அங்கே தலைமுறை தலைமுறையாகப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். கேதார் கட்டத்தில் குமரகுருபரர் நிறுவிய மடம் இருக்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. அனுமான் கட்டத்தில் தமிழ் பேசும் வாத்தியார்கள் குடும்பமாக வாழ்கிறார்கள். பிரயாகையில் வேணிதானம், கயாவில் சிராத்தம் என்று எல்லாவற்றுக்கும் வழி சொல்வார்கள். குரூப்காரர் ஏற்பாடு செய்யும் வைதீக காரியமும் பெரும்பாலும் இப்படிப்பட்ட உள்ளூர் வாத்தியார்கள் மூலம்தான் நடக்கிறது. மாட்டுங்காவில் விசாரித்தால் இவர்களில் ஒருவருடைய போன் நம்பர் கிடைக்காமல் போகாது. தங்க இடம் உண்டா, தட்சிணை எவ்வளவு என்பதை மட்டும் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

ரயிலுக்கும் அலைய வேண்டியதில்லை. சி.எஸ்.எம்.டி.யிலிருந்து மகாநகரி, குர்லா டெர்மினஸிலிருந்து காமயானி என்று நேராகவே வாரணாசிக்கு வண்டி உண்டு. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாள். ஆகவே நாளைக் குறித்துவைத்துக்கொண்டு அன்று காலையிலேயே எடுத்துவிட வேண்டும். ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. ரயிலில் மூத்த பெண்களுக்குப் பாதிக் கட்டணமும் ஆண்களுக்கு 40 சதவீதக் குறைப்பும் இருந்தன. 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். சொந்தமாகப் போகும் முதியவர்களின் கணக்கில் விழுந்த பெரிய அடி அது.

காசியில் சொந்தமாகப் போவதன் உண்மையான லாபம் பணத்தில் இல்லை. அஸ்ஸியில் தொடங்கி ராஜ்காட் வரைக்கும் 84 படித்துறைகள். விடியலில் ஒரு படகு எடுத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தபடி மெல்லப் போகலாம். இளமையில் பாரதி வாழ்ந்த அனுமான் கட்டத்துச் சந்தில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். முழங்கால் வலித்தால் அன்று அறையிலேயே இருந்துவிடலாம். நாற்பது பேரில் ஒருவராகப் போனால் கங்கா ஆரத்திக்கு ஒரு மாலை, விசுவநாதருக்கு ஒரு காலை, அப்புறம் பஸ். வாழ்நாளில் ஒருமுறை போகிற ஊரை மணி பார்த்துக்கொண்டே பார்த்துவிட்டு வருவது எனக்கு மனசு கேட்காத விஷயம்.

முக்திநாத் என்றால் என் பேச்சு அப்படியே மாறிவிடும். 108 திவ்யதேசங்களில் ஒன்று, சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடிய தலம். அதனால் மாட்டுங்காவில் ஆசைப்படாதவர்கள் குறைவு. ஆனால் கோயில் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம், அங்கிருந்து ஜீப். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் தாண்டினால் காற்று பலமாகிவிடும். அதனால் விமானங்கள் காலையில்தான் பறக்கும். மேகம் வந்தால் அதுவும் ரத்து. அன்று மாற்று ஜீப்புக்கு யாரைக் கூப்பிடுவது, பொக்காராவில் இன்னோர் இரவுக்கு அறை எங்கே, மூச்சு வாங்குகிறவருக்கு ஆக்ஸிஜன் எங்கே கிடைக்கும்? எழுபது வயதில் இவற்றை விமான நிலைய வாசலில் நின்று தேட முடியாது. நாற்பது பேர் பொறுப்பை எடுத்துக்கொண்டவரிடம் இவற்றுக்கு ஏற்கெனவே பதில் இருக்கும். குரூப் டூருக்கு நாம் கொடுக்கிற கூடுதல் பணம் உண்மையில் இதற்குத்தான். இடத்தைக் காட்டுவதற்கு அல்ல, திட்டம் கெட்டுப்போகிற நாளில் நமக்குப் பதிலாக முடிவெடுப்பதற்கு.

அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தப் பாதையில் பறக்கும் ட்வின் ஆட்டர் வகை விமானத்தில் 19 பேர்தான் உட்காரலாம். நாற்பது பேர் குரூப் என்றால் மூன்று நடை. முதல் நடை போய்ச் சேர்ந்த பிறகு காற்று எழும்பிவிட்டால் குரூப் இரண்டாகப் பிரிந்துவிடும், மேனேஜர் ஒரு பக்கம்தான் இருப்பார். அதனால் குரூப்பில் எத்தனை பேர், விமானம் ரத்தானால் ஜீப் செலவும் கூடுதல் இரவும் யார் கணக்கில் என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். கயிலாயம்-மானசரோவருக்குச் சொந்தமாகப் போகும் யோசனையே கிடையாது. வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரை 2020 முதல் நின்றிருந்து 2025இல் மறுபடி தொடங்கியபோதும், 50 பேர் கொண்ட குழுக்களாகத்தான் அனுப்பினார்கள்.

ஐரோப்பா மூன்றாவது ரகம். மாமி போன்றவர்களை குரூப் பக்கம் தள்ளுவது பெரும்பாலும் சாப்பாடு. பத்து நாள் ரொட்டியும் சாலட்டும் சாப்பிட முடியுமா என்ற பயம் நியாயமானது. மும்பை டூர் கம்பெனிகளுக்கு அது தெரியும். இந்தியச் சாப்பாடு, ஜைனச் சாப்பாடு என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். விசா இன்னொன்று. ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, மறுத்துவிட்டால் திரும்ப வராது. படிவத்தையும் காகிதங்களையும் கம்பெனி சரிபார்த்துக் கொடுப்பது பெரிய உதவிதான். ஆனால் விசாவைக் கொடுப்பதும் மறுப்பதும் தூதரகம். "விசா கியாரண்டி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐரோப்பா போய்வந்தவர்கள் எல்லாரும் சொல்லும் குறை, ஓட்ட ஓட்டமாகக் கூட்டிப் போனார்கள் என்பது. மேனேஜரைத் திட்டுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி பஸ் டிரைவர் சாதாரணமாக ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியாக வேண்டும். இரவில் பொதுவாக 11 மணி நேர ஓய்வு. நாம் ஒரு கடையில் அரைமணி தாமதித்தால் அது டிரைவரின் கணக்கில் விழும், மறுநாள் புறப்பாடே தள்ளிப்போகும். பெரிய பஸ்ஸைப் பழைய நகரங்களுக்குள் விடமாட்டார்கள், அங்கே அறை வாடகையும் எட்டாது. அதனால் ஓட்டல் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும். ஏழு மணிக்கு இரவுச் சாப்பாடு முடிந்தால் அப்புறம் அறையில் டிவிதான். பாரிஸில் கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதைப் பார்க்காமலே திரும்பிவிடுவோம். விளம்பரத்தில் ஊர்ப் பெயர்களை எண்ணாதீர்கள், ஓட்டல் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் என்று கேளுங்கள். "பார்வையிடல்" என்று போட்டிருக்கும் இடங்களில் உள்ளே நுழைய டிக்கெட் சேர்ந்ததா, வெளியே நின்று போட்டோ எடுப்பது மட்டுமா என்றும் கேளுங்கள்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை, வயதானவர்கள், சைவச் சாப்பாடு: குரூப்பில் போங்கள், கொடுக்கிற பணம் தகும். இரண்டாம் முறை, பிள்ளைகளும் கூட வருகிறார்கள்: ஒரே நாட்டில் இரண்டு ஊர், சமையலறை உள்ள வீடு, ரயில். ரவையும் புளிக்காய்ச்சலும் பெட்டியில் இருந்தால் போதும்.

பணம் கட்டும் இடத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். 1758இல் தொடங்கிய காக்ஸ் அண்ட் கிங்ஸ் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கம்பெனி. 2019இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனின் தாமஸ் குக் கம்பெனி விழுந்தது. வெளியூரில் இருந்த சுமார் ஒன்றரை லட்சம் பயணிகளை அந்நாட்டு விமானத் துறை ஊர் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே விமானப் பயணத்தோடு சேர்ந்த டூர்களுக்கு அட்டோல் என்ற காப்பு நிதி இருக்கிறது. நமக்கு அதுபோல ஒன்று இல்லை, நுகர்வோர் ஆணையத்தின் படியேற வேண்டும். அதனால் முழுப் பணத்தையும் பல மாதம் முன்பே கட்டச் சொல்லும் தள்ளுபடிகளை விட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜில் 2020 அக்டோபர் முதல் டி.சி.எஸ். என்று ஒரு தொகையும் பிடிக்கிறார்கள். அது செலவல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். மாமாவின் பான் நம்பரில் பிடித்தார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குரூப்பா தனியா என்று இரண்டே வழி இருப்பதாக நினைப்பதுதான் பெரிய நஷ்டம். எல்லோராவுக்கு நாமே போகலாம். ஆனால் 16ஆம் குகை கைலாசநாதரை ஒற்றைப் பாறையில் மேலிருந்து கீழாக எப்படிக் குடைந்து இறக்கினார்கள் என்பதை, அரசு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி ஒருவரை இரண்டு மணி நேரம் கூட வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். செலவை நாலு பேர் பங்கிட்டால் பெரிதாகத் தெரியாது. எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை, அஜந்தாவுக்குத் திங்கள். அதை வைத்து நாளைக் குறியுங்கள். சயான் தாண்டி நம் பக்கத்திலேயே இருக்கும் தாராவியும் அப்படித்தான். வேடிக்கை பார்க்கத் தனியாக நுழைந்தால் அடுத்தவர் வீட்டு வாசலில் எட்டிப் பார்ப்பதாகும். ரியாலிட்டி டூர்ஸ் அங்கே நடத்தும் நடைப் பயணத்தில் கேமராவுக்கு அனுமதி இல்லை. லாபத்தில் 80 சதவீதம் தங்கள் தொண்டு நிறுவனத்தின் கல்விப் பணிகளுக்குப் போவதாகச் சொல்கிறார்கள். மறுசுழற்சிப் பட்டறையும் கும்பார்வாடாவின் சூளையும் என்ன வேலை செய்கின்றன என்று அந்த ஊரை அறிந்தவர் வாயால் கேட்பதற்குக் கொடுக்கிற பணத்தை நான் செலவாக எண்ணமாட்டேன்.

இந்தக் கணக்கு எதுவுமே செல்லாத ஓர் இடம் உண்டு. வீட்டுக்காரருக்குப் பயணமே பிடிக்காது, அல்லது அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் அமெரிக்காவில். ஐம்பத்தைந்து அறுபது வயதில் தனியாக இருக்கிற பெண்கள் நம் கட்டிடங்களில் எத்தனை பேர்! அவர்களுக்காகவே மும்பையின் கேசரி, 2013இல் தொடங்கிய வீணா வேர்ல்ட் போன்ற கம்பெனிகள் பெண்கள் மட்டும் போகும் டூர்களை நடத்துகின்றன. அங்கே கிடைக்கிற தோழமையை நாமே டிக்கெட் எடுத்து வாங்க முடியாது. விலை கூடுதலாக இருந்தாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். விளம்பர விலை இரண்டு பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வதற்கானது. தனியாகப் பதிவு செய்கிறவருக்கு அறைத் தோழி அமைத்துத் தருவார்களா, கடைசி நேரத்தில் அந்தத் தோழி வராமல் போனால் தனி அறைக்கான கூடுதல் தொகையை யார் தலையில் கட்டுவார்கள் என்பதை மட்டும் பதிவு செய்யும் அன்றே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.