தப்பு 150 கோடி டாலர்... பாலிசி எவ்வளவு பாஸ்?

ஆபரேஷன்ல டாக்டர் சொதப்பினா கேஸ் போடலாம்னு உங்களுக்குத் தெரியும். சரி, அந்தக் கேஸை நடத்துற வக்கீலே சொதப்பிட்டா? அப்பீலுக்கான கடைசித் தேதியைக் கோட்டை விட்டுட்டா? 'அவர் மேலயும் கேஸ் போடலாம்' என்பதுதான் பதில். அமெரிக்காவில் இது சகஜம். அதனால வக்கீல்கள் தங்களுக்கே இன்ஷூரன்ஸ் எடுத்து வெச்சிருக்காங்க. அது பத்தாதுன்னு நினைக்கிறவங்க, அதுக்கு மேல இன்னொண்ணும் எடுக்கிறாங்க. அதுக்குப் பேர்தான் 'எக்ஸஸ்' இன்ஷூரன்ஸ்.

'நமக்கெதுக்கு இது?'ன்னு பக்கத்தைப் புரட்டாதீங்க. முதல்ல இந்தக் கதையைக் கேளுங்க.

ஒரே ஒரு படிவம்!

2008-ம் வருஷம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி சுமார் 30 கோடி டாலர் பாக்கி ஒன்றை அடைக்க முடிவு பண்ணுச்சு. கடன் கொடுத்தவங்க தரப்பில் ஜே.பி.மோர்கன் வங்கி. பைக் லோன் முடிஞ்சதும் ஆர்.சி. புக்கில் பேங்க் பேரை நீக்குறோம் இல்லையா? அதே மாதிரி, 'இனி இந்தச் சொத்து மேல எங்களுக்கு உரிமை இல்லை'ன்னு அங்கேயும் படிவம் தாக்கல் பண்ணணும்.

ஜி.எம். தரப்பு வக்கீல் நிறுவனம் மேயர் பிரவுன். அங்கே தயாரான பட்டியலில் மூணு பதிவுகள் இருந்தன. ரெண்டு சரி. மூணாவது, சம்பந்தமே இல்லாத 150 கோடி டாலர் கடனுக்கானது! ஜி.எம். கவனிக்கலை. வங்கி கவனிக்கலை. வங்கியோட வக்கீல் நிறுவனமும் பேப்பர்களைப் பாராட்டியே பதில் அனுப்புச்சு. படிவம் தாக்கல் ஆயிடுச்சு.

2009 ஜூனில் ஜி.எம். திவால் மனு போட்டப்போதான், அந்தப் பெரிய கடனோட முக்கியமான அடமானம் காணாமப் போனது வெளியே வந்தது. 'தெரியாம நடந்துடுச்சு'ன்னு வங்கி வாதாடிப் பார்த்தது. 'இந்தப் படிவத்தைத் தாக்கல் பண்ணச் சம்மதிச்சது நீங்கதானே'ன்னு 2015 ஜனவரியில் அப்பீல் கோர்ட் கையை விரிச்சிடுச்சு.

அந்தக் கடனில் பணம் போட்டவங்கள்ல ஓக்லண்ட் நகர போலீஸ், தீயணைப்பு வீரர்களோட ஓய்வூதிய நிதியும் ஒண்ணு. அவங்க மேயர் பிரவுன் மேல வழக்குப் போட்டாங்க. 'அவங்க ஜி.எம்.முக்குத்தான் வக்கீல், உங்களுக்கு இல்லை'ன்னு 2017-ல் கோர்ட் சொல்லிடுச்சு. நிறுவனம் தப்பிச்சது. தப்பிக்காம இருந்திருந்தா? அந்த பயம்தான் எக்ஸஸ் பாலிசியை விக்க வைக்குது.

டிரம்முக்கு மேல டிரம்

ஓரிகன் மாநிலத்தில் 1978-லிருந்தே தனியா பிராக்டிஸ் பண்ற வக்கீல்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஒரு கிளெய்முக்கு 3 லட்சம் டாலர் வரை. 2018-ல் ஐடஹோ மாநிலமும் கட்டாயமாக்குச்சு. இங்கிலாந்தில் சொலிசிட்டர் நிறுவனங்கள் குறைந்தது 20 லட்சம் பவுண்டுக்கு எடுக்கணும்; கம்பெனி அமைப்பில் இருந்தா 30 லட்சம். இதெல்லாம் அடித்தளம். எக்ஸஸ் என்பது மாடி.

கணக்கு சிம்பிள். முதல் பாலிசி 10 லட்சம் டாலர், அதுக்கு மேல எக்ஸஸ் 40 லட்சம்னு வெச்சுக்குங்க. 30 லட்சம் நஷ்டஈடு கொடுக்கணும்னா, முதல் டிரம் 10 லட்சம் கொட்டித் தீரணும். அப்புறம்தான் மேல் டிரம் குழாய் திறக்கும். மீதி 20 லட்சம் வரும். மேலே போகப் போக பிரீமியம் ரேட்டும் குறையும். அவ்வளவு உயரத்துக்குக் கிளெய்ம் வர்றது அபூர்வமாச்சே! பெரிய நிறுவனங்கள் பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை இப்படி அடுக்கி, ஒரு கோபுரமே கட்டிடும்.

குட்டி எழுத்துக் கண்டங்கள்

* பல பாலிசிகளில், நிறுவனத்தைக் காப்பாத்த வாதாடுற வக்கீலோட ஃபீஸும் அதே டிரம்மிலிருந்துதான் போகும். 10 லட்சத்தில் 4 லட்சம் ஃபீஸுக்கே போச்சுன்னா, பாதிக்கப்பட்டவருக்கு அதில் மிச்சம் 6 லட்சம்தான்.

* தப்பு நடந்த தேதி இல்லை, கிளெய்ம் வந்த தேதிதான் பொதுவா கணக்கு. தப்பு நடந்த வருஷம் பாலிசி இருந்து, கேஸ் வந்த வருஷம் இல்லைன்னா, அம்பேல்!

* கீழ் கம்பெனிக்கு மட்டும் தகவல் சொன்னாப் போதாது. மாடியில் இருக்கிற எல்லாருக்கும் சொல்லணும்.

* கீழ் கம்பெனியோட பேரம் பேசி, குறைஞ்ச தொகைக்கு செட்டில் பண்ணிக்கிட்டா, மேல் கம்பெனி 'டிரம் இன்னும் காலியாகலையே'ன்னு மறுக்கலாம். நம்ம மொபைல் சிப் குவால்காம், தன் இயக்குநர்களுக்கான பாலிசியில் இப்படித்தான் 2008-ல் கலிஃபோர்னியா கோர்ட்டில் தோத்தது.

* வேணும்னே மோசடி செஞ்சவருக்குப் பொதுவா எந்த டிரம்மும் திறக்காது.

நம்ம ஊர்ல?

வக்கீல் சேவையில் குறைன்னு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. சிவில் கோர்ட் வழிதான் பாக்கி. ஒண்ணு கவனிங்க: கட்சிக்காரர் ஜெயிச்சாலும், கொடுக்க வக்கீல்கிட்ட பணமோ பாலிசியோ இல்லைன்னா, கையில் இருக்கிறது வெறும் தீர்ப்புக் காகிதம். அதனால இந்த இன்ஷூரன்ஸ் வக்கீலை மட்டும் காப்பாத்துறதில்லை, நம்பி வந்தவரையும்தான்.

'நான் லா காலேஜ் இல்லையே'ங்கிறீங்களா? பில்டிங் டிசைன் பண்ற இன்ஜினீயருக்கும், சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் இதே ரக பாலிசி உண்டு. நாளைக்கு ஒரு வேலையில் சேர்ந்து 'இதை ஒரு தடவை செக் பண்ணிடுப்பா'ன்னு மூணு வரி லிஸ்ட் உங்க டேபிளுக்கு வரும்போது, ரெண்டு வரி சரியா இருக்கேன்னு 'ஓ.கே.' போட்டுடாதீங்க. மூணாவது வரியையும் படிங்க பாஸ்!