உறையும் நிலத்தில் ஒரு ஹாலோ பிளாக் சுவர்

டொராண்டோவில் பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் வரவேற்பறையையும் சமையலறையையும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கூட வந்த வீட்டுப் பரிசோதகர் டார்ச்சை எடுத்துக்கொண்டு நேரே கீழே இறங்கிவிடுவார். வீட்டுக்கு அடியில், பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கும் பேஸ்மென்ட் அறைதான் அவருக்கு முக்கியம். 1950களிலும் 60களிலும் கட்டிய வீடுகளில் அந்த அறையின் சுவர்கள் பெரும்பாலும் ஹாலோ பிளாக்கால், அதாவது உள்ளே பொந்துள்ள கான்கிரீட் கல்லால், ஆனவை. அவர் வெளிச்சத்தைச் சுவருக்கு நேராக அடிக்க மாட்டார். சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடிப்பார். அப்போதுதான் உள்பக்கமாகப் புடைத்திருக்கும் இடம் தன் நிழலாலேயே தெரியும். பாதி உயரத்தில் கலவை மூட்டு வழியே படுக்கை வசமாக ஓடும் வெடிப்பு, மூலையில் படிப்படியாக இறங்கும் வெடிப்பு, கீழ் இரண்டு மூன்று வரிகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பு. இவற்றைப் பார்த்தே அந்தச் சுவர் இத்தனை குளிர்காலங்களில் என்ன பாடுபட்டது என்று அவர் சொல்லிவிடுவார்.

டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியிலும் அதைச் சுற்றியும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இப்படிப்பட்ட வீடுகளில் வாழ்கின்றன. பேஸ்மென்டை வாடகைக்கு விட்டு வீட்டுக் கடன் அடைப்பவர்கள் உண்டு. நாட்டுக்கு வந்த புதிதில் அப்படி ஓர் அறையில் குடியிருந்தவர்களும் உண்டு. அந்தச் சுவரைப் புரிந்துகொள்வது அவர்களுக்குப் பண விஷயம் மட்டுமில்லை, உடம்பு விஷயமும் கூட.

இவ்வளவு ஆழத்தில் ஏன் சுவர் எழுப்ப வேண்டும்? டொராண்டோ வட்டாரத்தில் மண் சுமார் 1.2 மீட்டர் ஆழம் வரை உறையும் என்று வைத்துக்கொண்டுதான் அஸ்திவாரம் போடுகிறார்கள். அதன் அடிப்பாகம் அந்த ஆழத்துக்குக் கீழே உட்கார வேண்டும். எப்படியும் நாலடி தோண்டியாக வேண்டும். இன்னும் சில அடி தோண்டினால் ஒரு தளமே கிடைத்துவிடுகிறது. குளிர்நாட்டு வீடுகளில் பேஸ்மென்ட் வழக்கமானதற்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம்.

அந்தப் பள்ளத்தில் முன்பு கருங்கல்லையும் செங்கல்லையும் வைத்துக் கட்டினார்கள். 1900ஆம் ஆண்டு ஹார்மன் பால்மர் என்ற அமெரிக்கர் ஹாலோ பிளாக் வார்க்கும் இரும்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் சியர்ஸ் நிறுவனம் அத்தகைய இயந்திரங்களைத் தபால் விலைப்பட்டியலில் போட்டு விற்றது. விவசாயிகள் அவற்றை வாங்கி, தங்கள் களத்திலேயே சிமென்டும் மணலும் கலந்து கல் வார்த்து, தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கைக்கெட்டாத வீட்டைக் கைக்கெட்டச் செய்த கண்டுபிடிப்பு இது. இந்தக் கல்லைப் பற்றி இளக்காரமாகப் பேசுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இன்றைய கனடிய பிளாக் 390 மி.மீ. நீளம், 190 மி.மீ. உயரம், 190 மி.மீ. அகலம். 10 மி.மீ. கலவை மூட்டைச் சேர்த்தால் 400க்கு 200 என்று கணக்கு நேராகிவிடும். ஏறக்குறைய பாதி வெறும் பொந்து. ஆலையில் இதற்கான கலவையில் தண்ணீர் மிகக் குறைவு; பிடித்தால் உருண்டையாக நிற்கும், ஊற்றினால் ஓடாது. அச்சில் கொட்டி, அதிரவைத்து, அழுத்தி, சில நொடிகளில் அச்சை உருவிவிடுவார்கள். கல் அப்படியே நிற்கும். பிறகு சூடும் ஈரமும் உள்ள அறையில் வைத்து இறுகவிடுவார்கள்.

தண்ணீர் குறைந்த இந்த வார்ப்புமுறையால் கல்லுக்குள் ஜல்லித் துணுக்குகளுக்கு இடையே நுண்ணிய சந்துகள் நிறைய இருக்கும். மழைநீர் அதற்குள் சுலபமாகப் புகும். வழிவிட்டால் அதே சுலபத்தோடு வெளியேறவும் செய்யும். குளிர்நாட்டில் இந்தக் கல்லின் ஆயுள் முழுக்க அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருக்கும். ஒரு நுண்துளை பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால் பனிக்கட்டிக்கு விரிய இடம் இருக்கிறது, ஒன்றும் ஆகாது. ஏறத்தாழ 92 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பியிருந்தால்தான் சிக்கல். விரிய இடமில்லாத நீர் துளையின் சுவரை நெட்டித் தள்ளும், மெல்லிய கீறல் விழும். பகலில் உருகி அந்தக் கீறலுக்குள் இன்னும் கொஞ்சம் நீர் போகும். இரவில் மறுபடி உறையும். நாளடைவில் கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும்.

ஆகவே குளிர் எவ்வளவு கடுமை என்பதைவிட, வெப்பநிலை பூஜ்யத்தை எத்தனை முறை தாண்டித் தாண்டி வருகிறது, அப்போது கல் எவ்வளவு நனைந்திருக்கிறது என்பவைதான் முக்கியம். கனடாவின் உட்பகுதியில் இருக்கும் வின்னிபெக்கில் ஜனவரியில் பெரும்பாலும் உறைந்தது உறைந்தபடியே கிடக்கும். ஏரிக்கரையில் இருக்கும் டொராண்டோவிலோ மழை, பனி, உருகல், உறைவு என்று ஒரே வாரத்தில் எல்லாம் நடக்கும். கட்டுமானத்துக்கு இந்த ஊசலாட்டம்தான் கொடியது. போதாக்குறைக்கு, வழுக்காமலிருக்கக் கார் நிற்கும் பாதையில் அள்ளிப் போடும் உப்பு. உப்புநீர் பட்ட கல் இன்னும் வேகமாக உதிரும். கராஜ் வாசலை ஒட்டிய கீழ் வரிகளைப் பாருங்கள், மற்ற இடங்களைவிட அங்கே கல் அரித்திருக்கும்.

சாதாரணக் கான்கிரீட்டுக்கு இதற்கொரு மருந்து உண்டு. 1930களில் நியூயார்க் மாநிலச் சாலைகளில் சில துண்டுகள் மட்டும் குளிரில் சிதையாமல் நின்றன. காரணத்தைத் தேடியபோது, அந்தச் சிமென்டை அரைக்கையில் சேர்த்த மாட்டுக்கொழுப்பு போன்ற பொருள்கள் கலவையில் கோடிக்கணக்கான நுண்குமிழ்களை உண்டாக்கியிருந்தது தெரியவந்தது. உறையும் நீர் பக்கத்துக் குமிழுக்குள் ஒதுங்கித் தப்பிக்கிறது. பக்கத்துக் குமிழை எட்ட நீர் கடக்கும் தூரம் சுமார் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கை டி. சி. பவர்ஸ் என்ற ஆய்வாளர் பிற்பாடு வகுத்துத் தந்தார். இன்று கனடாவில் வெளியே போடும் கான்கிரீட் பெரும்பாலும் இந்தக் குமிழோடுதான் வருகிறது. ஆனால் பிளாக் வார்க்கும் வறண்ட கலவையில் அந்தக் குமிழ்கள் ஒழுங்காக உருவாவதில்லை. ஆக, பிளாக் சுவரை நனையவிடாமல் காப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து மண். மண்ணுக்குள் இருக்கும் நீர் 9 விழுக்காடு பருப்பதால்தான் நிலம் மேலே எழும்புகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர் ஸ்டீஃபன் டேபர் அதை 1929–30 வாக்கில் உடைத்தார். அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று. தண்ணீருக்குப் பதிலாக பென்சீனை மண்ணில் ஊறவைத்து உறையவைத்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும் திரவம். அப்படியும் மண் மேலே எழும்பியது! விரிவு இல்லாமலே எழும்புகிறது என்றால் வேறு ஏதோ நடக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, உறையும் அடுக்கு கீழேயிருந்து திரவத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அது தகடு தகடாகப் படிந்து வளர்கிறது. வளரும் தகடு மேலிருக்கும் மண்ணையும் அதன்மேல் நிற்பதையும் தூக்குகிறது. இதற்கு மூன்று வேண்டும்: குளிர், நீர், நீரை மேலே இழுக்கும் நுண்மண். நயமான வண்டலும் வண்டல் கலந்த களியும் நன்றாக இழுக்கும். கூழாங்கல் இழுக்காது.

பேஸ்மென்ட் சுவரை இது இரண்டு விதமாகத் தாக்கும். உறைந்த களிமண் பக்கவாட்டில் சுவரை உள்ளே தள்ளும். இரும்புக் கம்பி போடாத ஹாலோ பிளாக் சுவர் மேலிருந்து வரும் வீட்டுச் சுமையை எளிதாகத் தாங்கும், வளைப்பைத் தாங்காது. பாதி உயரத்தில் அந்தப் படுக்கை வெடிப்பு வருவது இதனால்தான். மண் நனைந்து கனப்பதாலும் அதே வெடிப்பு வரலாம். இரண்டாவது தாக்குதல் பலருக்குத் தெரியாது. மண் சுவரின் முகத்தோடு ஒட்டி உறைந்துவிடும். பிறகு நிலம் எழும்பும்போது மேல்வரிகளைப் பிடித்துத் தூக்கிவிடும். கலவை மூட்டு பிளந்து, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே இடைவெளி விழும். ஹீட்டரை நிறுத்திவிட்டுக் குளிர்காலம் முழுக்கப் பூட்டிப்போட்ட வீடுகளில் இது நடக்கும். வீட்டிலிருந்து கசியும் வெப்பம் அதுவரை சுவரையொட்டிய மண்ணை உறையவிடாமல் காத்துக்கொண்டிருந்தது.

இனி கொத்தனார் வேலைக்கு வருவோம். கல்லை உற்றுப் பார்த்தால் பொந்துகளைச் சூழ்ந்த அதன் ஓட்டுச்சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். அச்சிலிருந்து உருவ வசதியாக அப்படிச் சரித்திருக்கிறார்கள். தடித்த பக்கத்தை மேலே வைத்துத்தான் கட்ட வேண்டும், அப்போதுதான் கலவை உட்கார இடம் அகலமாகக் கிடைக்கும். நிலத்துக்கு மேலே எழும் சாதாரணச் சுவரில், முன்ஓட்டிலும் பின்ஓட்டிலும் மட்டும் இரண்டு பட்டையாகக் கலவை போடுவார்கள். இரண்டு ஓட்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்களில் போட மாட்டார்கள். சிக்கனம் ஒரு காரணம். வெளியோட்டில் ஊறிய நீர் கலவை வழியாக உள்ளோட்டுக்கு ஏற வழி குறைகிறது என்பது இன்னொரு காரணம்.

மூட்டில் கட்டைவிரலை அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், விரலில் கலவை ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் வளைந்த இரும்புக் கம்பியால் மூட்டை அழுத்தி இழுப்பார்கள். மூட்டு உட்குழிந்து வழவழப்பாகும். மேலே கலவை இறுகி, கல்லின் விளிம்போடு நெருங்கிப் பொருந்தும். பத்து நிமிடம் முந்தினால் கலவை இழுபடும், பிந்தினால் அழுந்தாது. மழையில் நனையும் சுவரில் தண்ணீர் புகுவது பெரும்பாலும் கல்லுக்கும் கலவைக்கும் இடையிலான மயிரிழைச் சந்து வழியாகத்தான். கம்பி இழுக்கும் அந்த ஒரு கை அசைவு பல லிட்டர் நீரை வெளியே நிறுத்துகிறது.

வெப்பம் சுமார் 4 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விதிகள் மாறும். கலவைக்கான நீரையும் மணலையும் சூடாக்குவார்கள். இன்னும் இறங்கினால் சாரத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, உள்ளே புரொப்பேன் ஹீட்டர் வைத்து வேலை நடக்கும். பனி படிந்த கல்லின்மேல் கல் வைக்கவே கூடாது. ஊரில் செங்கல்லை நாம் ஊறவைத்துக் கட்டுவோம். இங்கே பிளாக்கைக் காய்ந்தபடியே வைக்க வேண்டும். காய்ந்த கல் கலவையின் மிகுநீரை உறிஞ்சிக்கொள்ளும். கலவையில் ஈரம் சுமார் 6 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், அதன்பின் உறைந்தாலும் சேதமில்லை. சீக்கிரம் இறுகட்டும் என்று கால்சியம் குளோரைடு சேர்ப்பது கெட்ட பழக்கம். உள்ளிருக்கும் இரும்பை அது அரித்துவிடும்.

உச்சியில் வரும் கடைசி வரியின் பொந்துகளைத் திடக்கல்லாலோ கலவையாலோ அடைக்க வேண்டும். பொந்துகள் மேலிருந்து கீழ்வரை ஒன்றோடொன்று சேர்ந்து புகைபோக்கிபோல் இருப்பதால், திறந்தே விட்டால் வீட்டின் ஈரக்காற்று உள்ளே சுழன்று குளிர்ந்த ஓட்டில் வியர்க்கும். நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயுவும் அந்த வழியில் மேலே வரும்.

இப்போது வாடகைக்கு விடும் பேஸ்மென்டுக்கு வருகிறேன். ஹாலோ பிளாக் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். பொந்தில் காற்று இருந்தாலும் குறுக்குச் சட்டங்கள் வழியே சூடு போய்விடும். எனவே அறை குளிர்கிறது. உடனே பலரும் செய்வது இது: சுவரையொட்டி மரச்சட்டம் அடித்து, கண்ணாடி நாரை அடைத்து, பாலிதீன் விரித்து, மேலே டிரைவால் பலகை. அறை வெதுவெதுப்பாகிவிடும். ஆனால் வீட்டின் சூட்டால் உலர்ந்துகொண்டிருந்த கல் இனிமேல் குளிரில் விடப்படுகிறது. வெளியிலிருந்து ஓதம் ஏறினால் உள்பக்கம் காய முடியாது, நார் நனையும், பலகைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை பிடிக்கும். நிலத்துக்கு மேலே தெரியும் வரிகளில் உறைவுச் சேதமும் கூடும். குழந்தைகள் தூங்கும் அறையின் சுவருக்குள் இப்படி நடப்பதை யாரும் சகித்துக்கொள்ளக் கூடாது.

காப்புப் பலகையை வெளிப்புறத்தில் போட்டால் நிலைமை தலைகீழ். கல் வீட்டின் கதகதப்புக்குள் வந்துவிடும், உறையாது, காயும். செலவு அதிகம், தோட்டத்தைத் தோண்ட வேண்டும். வெளியே முடியாதவர்கள் கண்ணாடி நாரை விட்டுவிட்டு, ஈரத்தால் கெடாத நுரைப் பலகையைக் காற்றுப் புகாதபடி கல்லோடு ஒட்டுவது நல்லது. அதற்கு முன் சுவரில் கசிவு நின்றிருக்க வேண்டும்.

கசிவை நிறுத்துவதற்கு உள்பக்கம் பூசும் 'வாட்டர் புரூஃப்' பெயிண்டை நம்ப வேண்டாம். பொந்துக்குள் நின்ற நீரை அது உள்ளேயே அடைக்கும். கொஞ்ச நாளில் உப்பு பூத்து, பெயிண்டைக் கொப்பளமாகத் தள்ளிவிடும். வேலையை மேலேயிருந்து தொடங்க வேண்டும். முதலில் கூரைத் தாழ்வாரக் குழாயைத் துப்புரவாக்கி, இறங்கும் நீர் சுவரைவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி விழும்படி நீட்டுங்கள். பிறகு சுவரைச் சுற்றிய மண் வெளிப்புறம் சரிகிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் அது உள்பக்கம் அமுங்கியிருக்கும். ஈரம் இந்த இரண்டிலேயே அடங்கிவிடும் வீடுகள் நிறைய. அடங்காவிட்டால்தான் அஸ்திவாரம்வரை தோண்டுவது, கல்லின்மேல் பூசி நீர்த்தடைப் படலம் ஒட்டுவது, அதன்மேல் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள் விரிப்பது, அடியில் வீப்பிங் டைல் எனப்படும் பழைய களிமண் வடிகால் குழாயை எடுத்துத் துளையிட்ட குழாயைக் கூழாங்கல்லுக்கு நடுவே பதிப்பது. மூடும்போது தோண்டிய களிமண்ணையே திரும்பக் கொட்டாமல் கூழாங்கல்லை நிரப்பச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் தரும் மதிப்பீட்டில் அந்த வரி எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சுவர் உள்ளே புடைத்திருந்தால், யாரையும் தோண்டவிடும் முன் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.