முன் பெல்ட் நின்றால் பின் பெல்ட் என்ன செய்யும்?

நெய்வேலி சுரங்கத்தில் ராட்சதச் சக்கரம் சுழல்கிறது. அதைச் சுற்றிலும் வாளிகள். அவை மண்ணை வாரி வாரி ரப்பர் பெல்டில் கொட்டுகின்றன. அந்த பெல்ட் அடுத்த பெல்டில் கொட்டும். அது அதற்கும் அடுத்ததில். 1957-ல் பிரதமர் நேரு தொடங்கி வைத்த சுரங்கம் இது. 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது.

வழியில் ஒரு பெல்ட் திடீரென்று நின்றுவிட்டால்? பின்னால் உள்ளது ஓடிக்கொண்டே இருந்தால் மண் மலைபோலக் குவிந்துவிடும். ஆகவே, முன் பெல்ட் நின்றால் பின்னால் உள்ளவையும் தாமாகவே நிற்கும்படி மின்சாரப் பிணைப்பு வைத்திருப்பார்கள்.

கம்ப்யூட்டர் அனுப்பும் செய்தியும் இப்படித்தான் கைமாறிக் கைமாறிப் போகிறது. அங்கேயும் நெரிசல் உண்டு.

எறிந்துவிடு!

1990-களில் பாங்குகளும் கம்பெனிகளும் தங்கள் கிளைகளை இணைக்க 'பிரேம் ரிலே' என்ற முறையைக் கையாண்டன. செய்தி பொட்டலம் பொட்டலமாகப் போகும். அதற்கு முந்திய முறையில் ஒவ்வொரு நிலையத்திலும் பொட்டலத்தைச் சோதித்து, கெட்டிருந்தால் மறுபடி கேட்டு வாங்கினார்கள். நேரம் பிடித்தது. பிரேம் ரிலேயில் அந்தத் தொல்லை இல்லை. கெட்டுப் போனதா? எறிந்துவிடு! வேகம் கூடியது.

நெரிசல் வந்தாலும் எறிவதுதான். ஆனால் யாருடைய பொட்டலத்தை?

ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் ஓர் ஒப்பந்த அளவு உண்டு. பாதை காலியாக இருந்தால் அதற்கு மேலும் அனுப்பலாம். ஆனால் மிஞ்சிய பொட்டலங்களில் 'முதலில் இதைத் தள்ளலாம்' என்று குறி விழும்.

நெய்வேலி நகரியத்தில் சம்பள நாள் என்று வைத்துக்கொள்வோம். பாங்கில் கூட்டம். செலவைக் குறைக்க, பாங்க் சிறிய ஒப்பந்த அளவு வாங்கியிருக்கிறது. பாதையில் நெரிசல் என்றால் அதன் மிஞ்சிய பொட்டலங்கள் எறியப்படும். கவுண்டரில் நிற்பவர் காத்திருக்க வேண்டியதுதான்!

நெரிசல் கண்ட நிலையம், அனுப்புகிறவரை நோக்கித் திரும்பும் பொட்டலத்தில் ஒரு குறி இடும். 'மெதுவாக அனுப்பு' என்று அர்த்தம். சுரங்கத்தில் உள்ளதுபோல் கட்டாயப் பிணைப்பு அல்ல, எச்சரிக்கைதான். காதில் வாங்காதவர் அனுப்பிக்கொண்டே இருப்பார். நெரிசல் முற்றினால், ஒப்பந்தத்துக்குள் ஒழுங்காக அனுப்பியவரின் பொட்டலமும் போய்விடும்.

400 கஜத்தில் வந்த வினை

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்து ஆராய்ச்சிக்கூடத்துக்கும் இடையே இன்டர்நெட் பாதை திணறியது. தூரம் 400 கஜந்தான். விநாடிக்கு 32,000 'பிட்' போன செய்தி 40 'பிட்' ஆகச் சுருங்கியது. தொலைந்ததை எல்லாரும் மறுபடி மறுபடி அனுப்பியதே காரணம்.

வான் ஜேக்கப்சன் என்ற விஞ்ஞானி 1988-ல் பரிகாரத்தை விளக்கி எழுதினார். பொட்டலம் தொலைந்தால் அனுப்பும் கம்ப்யூட்டரே வேகத்தைக் குறைத்து, பிறகு சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். பிரேம் ரிலே பெரும்பாலும் மறைந்துவிட்டது. இந்த யோசனை மறையவில்லை. கையில் உள்ள செல்போன் படம் அனுப்பும்போதும் வேகத்தைக் குறைத்தும் கூட்டியுமே அனுப்புகிறது.