ஒப்புவித்தபின் யார் பார்ப்பது?

தாய் தகப்பனை இழந்த குழந்தைகளை விடுதிகளில் அடைப்பதைக் காட்டிலும் நல்ல குடும்பங்களில் ஒப்புவித்து வளர்ப்பதே சிலாக்கியமென்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 44வது பிரிவு இதற்கு வழி செய்திருக்கிறது. 2022ஆம் வருஷத்து மிஷன் வாத்ஸல்யா விதிகள் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவியும் குறித்திருக்கின்றன. ஆனால் ஒப்புவித்தபின் அக்குழந்தையை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

இக்கேள்வியை அசட்டை செய்ததன் பலனை இங்கிலாந்து அநுபவித்தது. வேல்ஸ் பிரதேசத்து நியூபோர்ட் நகரசபையார் டென்னிஸ் ஓநீல் என்னும் சிறுவனை 1944ல் ஷ்ராப்ஷையர் ஜில்லாவிலுள்ள ஒரு பண்ணை வீட்டில் விட்டனர். 1945 ஜனவரி 9ந் தேதி, பட்டினியாலும் அடியாலும் அவன் மாண்டான். வயது 12. முந்திய டிசம்பரில் அங்கே சென்ற உத்தியோகஸ்தர் ஒருவர் பையனை அகற்றவேண்டுமென்றே சொல்லியிருந்தார். அகற்றுமுன் உயிர் போய்விட்டது. மேற்பார்வை நகரசபையைச் சேர்ந்ததா, ஜில்லாவைச் சேர்ந்ததா என்பதிலேயே குழப்பம். காகிதக் கட்டுகளில் கைதேர்ந்த ஆங்கில அதிகார வர்க்கத்துக்கே இந்தக் கதி! ஸர் வால்டர் மாங்க்டன் விசாரணை நடத்தினார்; 1946ல் கர்ட்டிஸ் கமிட்டி அறிக்கை வெளிவந்தது; 1948ஆம் வருஷத்துச் சட்டம் ஸ்தல ஸ்தாபனங்கள் குழந்தைகளுக்கென்றே தனி அதிகாரியை நியமிக்கவேண்டுமென விதித்தது.

நமது சட்டத்தில் பொறுப்பு தெளிவாகவே இருக்கிறது. குழந்தைகள் நலக்குழு ஒவ்வொரு வளர்ப்புக் குடும்பத்தையும் மாதந்தோறும் பார்வையிட வேண்டும். குறை கண்டால் குழந்தையை அங்கிருந்து அகற்ற வேண்டும். கேட்கச் சந்தோஷமே. ஆயின் அக்குழுவில் இருப்பவர்கள் தலைவர் ஒருவர், அங்கத்தினர் நால்வர். 28வது பிரிவின்படி அவர்கள் மாதம் 20 நாளாவது கூடியாகவேண்டும். விடுதியைப் பார்வையிடச் சென்றால் அதுவும் ஓர் அமர்வாகக் கணக்கிடப்படுமென்று அதே பிரிவு சொல்கிறது. வளர்ப்பு வீட்டுக்குச் சென்றால்? அதைப்பற்றி அங்கே ஒரு வார்த்தையுமில்லை! விடுதி வேண்டாம், குடும்பமே வேண்டுமென்று கூறும் சட்டம், பார்வையிடும் சலுகையை விடுதிக்கு மட்டும் கொடுத்திருப்பது விநோதமல்லவா?

இப்பிரிவைத் திருத்தவேண்டுமென்று பார்லிமெண்டிலுள்ள நமது பிரதிநிதிகளைக் கேட்கிறோம். அதுவரை, எத்தனை வீடுகள் எந்தத் தேதியில் பார்வையிடப்பட்டன, குழந்தையோடு தனியே பேசினார்களா என்ற விவரங்களை, பெயர்களை நீக்கி, ஜில்லாவாரியாக மாதந்தோறும் பிரசுரிப்பதில் ராஜ்ய சர்க்கார்களுக்கு என்ன தடை? கூட்டங்களில் குழந்தைகளைப்பற்றிப் பிரசங்கம் செய்யும் நமது தேசத் தொண்டர்கள், இக்கணக்கைக் கேட்டு ஜில்லா கலெக்டருக்கு இவ்வாரமே ஒரு கடிதமேனும் எழுதுவார்களாக.