மலைச் சரிவில் மனை போடலாமா?

உங்களை ஓர் ஊராட்சி மன்ற உறுப்பினராக எண்ணிக்கொள்ளுங்கள். மன்றக் கூட்டம் நடக்கிறது. மேசைமேல் ஒரு பெரிய வரைபடம் விரிக்கப்படுகிறது. ஐந்து ஏக்கர் நிலம், அதில் சதுரம் சதுரமாகத் தொண்ணூறு வீட்டு மனைகள், நடுவே சாலைகள், ஓரத்தில் பச்சை வண்ணம் தீட்டிய பூங்கா. "இந்த மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரலாமா?" என்று கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

சமவெளி ஊர் என்றால் விடை ஓரளவு எளிது. ஆனால் உங்கள் ஊர் கொல்லிமலையில் இருக்கிறது! வரைபடம் தட்டையான தாளில் இருக்கிறது. நிலமோ சாய்ந்து கிடக்கிறது. இந்த ஒரு வேறுபாடுதான் எல்லாக் கணக்கையும் மாற்றிவிடுகிறது. நாம் எடுத்துக்கொண்ட ஐந்து ஏக்கர் கற்பனைதான். ஆனால் அதற்குப் பொருந்தும் இயற்பியலும் சட்டமும் உண்மையானவை.

கொல்லிமலையின் அமைப்பு

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக நிற்பது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தனை வளைவுகள் எதற்கு? மலையின் விளிம்பு அவ்வளவு செங்குத்தானது என்பதற்காகத்தான். மேலே ஏறிவிட்டால் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமான மேட்டுநிலம் பரந்து கிடக்கிறது.

அங்குள்ள ஊராட்சிகளின் பெயர்களைக் கேளுங்கள்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு... இப்படிப் பதினான்கு நாடுகள். மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகின்றனர். பள்ளத்தாக்கில் நெல்லும், சரிவில் சாமை, தினை, கேழ்வரகும், மர நிழலில் மிளகும் காப்பியும் பயிர் செய்தனர். இப்போது மரவள்ளியும் நிறைய விளைகிறது.

மலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கடினமான பாறை. அது வெயிலிலும் மழையிலும் பல்லாயிரம் ஆண்டுகள் சிதைந்ததால் உண்டான செம்மண் அதன்மேல் போர்வைபோல் படிந்திருக்கிறது. மழைநீர் இப்போர்வைக்குள் இறங்கி, பாறையின் விரிசல்களில் தங்கி, கீழே ஊற்றாகக் கசிகிறது. அத்தகைய ஊற்றுகளும் ஓடைகளும் சேர்ந்துதான் ஐயாறு. அது அறப்பளீசுவரர் கோயிலருகே ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. புளியஞ்சோலை வழியே இறங்கிக் காவிரியை நோக்கி ஓடுகிறது. ஆகவே மலைமேல் ஒரு மனைப்பிரிவு என்பது மலைமேல் உள்ளவர்களின் கவலை மட்டுமன்று. அடிவாரத்தில் கிணறு வைத்திருப்பவர்களின் கவலையும் ஆகும்.

மண் ஏன் வழுக்காமல் நிற்கிறது?

ஒரு பலகையின்மேல் செங்கல்லை வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். சிறிது நேரம் செங்கல் அசையாது. ஒரு குறிப்பிட்ட கோணம் வந்ததும் சர்ரென்று வழுக்கும். செங்கல்லைக் கீழே இழுப்பது அதன் எடையின் ஒரு கூறு. தடுத்து நிறுத்துவது உராய்வு. பலகையின் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு, உராய்வுக் கெழுவைத் தாண்டும்போது செங்கல் நகர்கிறது.

மலைச் சரிவில் உள்ள மண்ணுக்கும் இதே விதிதான். உலர்ந்த மணலைக் குவித்துப் பாருங்கள். ஏறத்தாழ 30 முதல் 35 பாகைக்குமேல் அது செங்குத்தாக நிற்க மறுக்கும். களிமண் கலந்த மண்ணில் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் இன்னும் சற்று செங்குத்தாக நிற்கும். மரங்களின் வேர்களும் மண்ணைத் தைத்துப் பிடித்துக்கொள்கின்றன.

அப்படியானால் மழைக்காலத்தில் மட்டும் ஏன் சரிகிறது? மண்ணில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் என்று கொள்வோம். மழையில் அது முழுவதும் நிரம்பினால், ஒவ்வொரு கன மீட்டர் மண்ணிலும் சுமார் 330 கிலோகிராம் எடை கூடுகிறது. அதைவிட ஆபத்தானது வேறொன்று. துளைகளில் நிரம்பிய நீர் அழுத்தத்துடன் மண்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளுகிறது. துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று அழுந்துவது குறைகிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும் அல்லவா? இழுக்கும் விசை கூடுகிறது, தடுக்கும் விசை குறைகிறது. நிலம் சரிகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது நம் வரைபடத்துக்கு வருவோம். நிலம் மூன்றுக்கு ஒன்று என்ற சாய்வில் இருப்பதாகக் கொள்வோம். அதாவது கிடைமட்டமாக மூன்று மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் இறங்கும். இது சுமார் 18 பாகை. பார்வைக்கு மிகவும் சாதுவான சரிவு.

ஒரு மனை 10 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். சரிவு வாட்டத்தில் 10 மீட்டர் வருமானால், மனையின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 3.3 மீட்டர் உயர வேறுபாடு இருக்கும். வீடு கட்டச் சமதளம் வேண்டும். என்ன செய்வார்கள்? மேல்பாதியை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பாதியில் கொட்டி நிரவுவார்கள். வெட்டிய பகுதி முக்கோண வடிவம். அதன் பரப்பு ½ × 5 × 1.67, ஏறக்குறைய 4.2 சதுர மீட்டர். அதை 15 மீட்டர் நீளத்தால் பெருக்கினால் சுமார் 62 கன மீட்டர். தொண்ணூறு மனைகளுக்கு 5,600 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.6 டன் என்றால் 9,000 டன்! பத்து டன் ஏற்றும் லாரியில் 900 நடை மண்.

இதில் இரண்டு கேடுகள் உள்ளன. வெட்டிய இடத்தில், மேலேயுள்ள மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்த கால் போய்விட்டது. கொட்டிய இடத்திலோ பொலபொலப்பான மண். அது இயற்கை மண்ணைப்போல இறுகியதன்று. மழைநீர் அதில் எளிதாகப் புகும்.

அடுத்து மழை. ஐந்து ஏக்கர் என்பது சுமார் 20,000 சதுர மீட்டர். ஒரு நாளில் 5 செ.மீ. மழை பெய்தால் அந்நிலத்தில் விழும் நீர் 10 லட்சம் லிட்டர். நல்ல மரமும் புல்லும் உள்ள நிலமாயின் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2 லட்சம் லிட்டர், மேலோடு ஓடுவதாகக் கொள்ளலாம். கூரைகளும் சிமெண்டுத் தளமும் தார்ச்சாலையும் வந்தபின் அது 6 லட்சம் லிட்டர் ஆகக்கூடும். மழை அதேதான், ஓடும் நீர் மும்மடங்கு. மிச்சம் 4 லட்சம் லிட்டரை முன்பு நிலம் குடித்து, கோடையில் ஊற்றாகத் திருப்பித் தந்தது. இனி அது ஓடையை அரித்துக்கொண்டு ஓடும்.

மூன்றாவது குடிநீர். தொண்ணூறு வீடுகளில் வீட்டுக்கு நால்வர் என்றால் 360 பேர். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமப்புறத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்துள்ளது. ஆக நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 லிட்டர் வேண்டும். எங்கிருந்து? பயன்படுத்திய நீரும் மலக்குழிக் கசிவும் எங்கே போகும்? மண்போர்வை மெல்லியதாக உள்ள மலையில் கழிவுநீர் பாறைவரை இறங்கி, பாறையோடு வழிந்து, கீழுள்ள ஊற்றில் கலந்துவிடலாம். கீழ் ஊரார் குடிக்கும் ஊற்று அது.

உண்மையில் நடந்தவை

இவை வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2024 டிசம்பர் 1-ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த பெருமழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாய் இறங்கி, வ.உ.சி. நகரில் வீடுகளை மூடியது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர் சிறுமியர். 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

எல்லா நிலச்சரிவும் மனிதன் மண்ணை வெட்டியதால் வருவதன்று. 2024 சூலை 30-ல் வயநாட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சரிவு, மேலே காட்டுப் பகுதியில் தொடங்கியது. ஆனால் அது ஆற்றின் வழியே இறங்கியபோது அவ்வழியில் வீடுகள் இருந்தன. எனவே எப்படிக் கட்டுகிறோம் என்பது போலவே எங்கே கட்டுகிறோம் என்பதும் முக்கியம்.

ஆய்ந்து ஒப்புதல் தருவதால் பயன் உண்டா? ஹாங்காங் நகரைப் பாருங்கள். அங்கே 1972 சூன் 18-ஆம் நாள், ஒரே நாளில் இரண்டு சரிவுகள். சாவ் மாவ் பிங்கில் கொட்டி நிரவிய மண்மேடு இடிந்து 71 பேரும், போ ஷான் சாலையில் மலைச்சரிவு இறங்கி 67 பேரும் இறந்தனர். 1976-ல் சாவ் மாவ் பிங்கில் மீண்டும் ஒரு மண்மேடு சரிந்து 18 பேர் மாண்டனர். அதன்பின் 1977-ல் சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் அமைத்தார்கள். புதிய சரிவு வேலைகளின் வரைபடங்களைப் பொறியாளர்கள் சோதித்தனர். மனிதர் வெட்டியும் நிரவியும் உண்டாக்கிய சரிவுகள் ஏறத்தாழ 60,000-க்கு எண்ணிட்டுப் பட்டியல் எழுதினர், ஆபத்தானவற்றை வலுப்படுத்தினர். மழை குறையவில்லை, உயிரிழப்பு பெரிதும் குறைந்தது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் ஊராட்சி மன்றம் தானாகவே ஒரு மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தந்துவிட முடியாது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால், சாலை நீங்கலாக உள்ள பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கிப் பொதுவுக்குத் தானமாக எழுதித் தரவேண்டும். நம் ஐந்து ஏக்கரில் சாலைகள் 5,000 சதுர மீட்டர் போனால், 1,500 சதுர மீட்டர் பொதுவிடம். மீதி 13,500-ஐ 150-ஆல் வகுத்துப் பாருங்கள். தொண்ணூறு மனைகள் எப்படி வந்தன என்பது விளங்கும்.

மலைக்கென்று தனிக் காவலும் உண்டு. 1990-ல் தமிழக அரசு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. அதன் பட்டியலில் உள்ள மலைக்கிராமங்களில் மனைப்பிரிவு போட வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் சுரங்கத்துறை ஆகியவற்றின் கருத்தைக் கேட்கிறார்கள். ஒன்று காட்டைப் பார்க்கிறது. ஒன்று மண்ணரிப்பைப் பார்க்கிறது. ஒன்று பாறையைப் பார்க்கிறது.

ஒப்புதலே பெறாமல் மனை விற்றால்? 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. ஏற்கெனவே விற்றுப்போன மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதிகள் வகுத்தது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தாளில் உள்ள பிழையைப் பின்னால் கட்டணம் செலுத்திச் சரிசெய்யலாம். வெட்டிய மலையை வரன்முறைப்படுத்த எந்த அலுவலகத்தாலும் முடியாது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பாகைமானியின் நடுப்புள்ளியில் நூல் கட்டி, நூலின் முனையில் சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். நேர்விளிம்பு மேலிருக்குமாறு பிடித்து, அவ்விளிம்பு வழியாகச் சரிவின் உச்சியில் நிற்கும் உங்கள் உயரமுள்ள நண்பரின் கண்ணைப் பாருங்கள். நூல் 90 பாகைக் கோட்டிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறதோ அதுவே சரிவின் கோணம். இதுதான் சாய்வுமானி.

இரண்டு தட்டுகளில் மண் நிரப்புங்கள். ஒன்றில் புல் பத்தை. மற்றதில் வெறும் மண். இரண்டையும் ஒரே அளவு சாய்த்து, ஒரே அளவு தண்ணீரைப் பூவாளியால் ஊற்றுங்கள். வழியும் நீரைத் தனித்தனிப் பாட்டில்களில் பிடியுங்கள். எதில் நீர் மிகுதி, எதில் கலங்கல் மிகுதி என்று குறித்துக்கொள்ளுங்கள். மனைப்பிரிவுக்கு முன்னும் பின்னும் மலை எப்படியிருக்கும் என்பதை அந்த இரண்டு பாட்டில்களும் காட்டிவிடும்.

அப்படியானால் விடை என்ன?

மலையில் வீடே கூடாது என்பது விடையாகாது. மலைமக்களுக்கும் வீடு வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் தனிக்குடித்தனம் வேண்டும். ஆனால் ஒப்புதல் கேட்டு வரும் ஒவ்வொரு வரைபடத்திடமும் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். சமவுயரக் கோடுகள் வரையப்பட்டுள்ளனவா? ஓடைக்கும் ஊற்றுக்கும் எவ்வளவு தூரம் விட்டிருக்கிறார்கள்? வெட்டும் மண் எவ்வளவு, அது எங்கே போகும்? மழைநீர் வடிகால் எங்கே முடிகிறது? கழிவுநீர் எங்கே? செங்குத்தான பகுதி மரங்களோடு அப்படியே விடப்பட்டுள்ளதா? ஐந்து ஏக்கரில் தொண்ணூறுக்குப் பதில் முப்பது வீடுகளைச் சாய்வு குறைந்த இடத்தில், சரிவின் போக்குக்கு ஏற்பப் படிப்படியாகக் கட்டினால் மலையும் நிற்கும், வீடும் நிற்கும்.

சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. உங்கள் தாய் தந்தையருக்கு அங்கே வாக்குரிமை உண்டு. அடுத்த முறை அவர்களுடன் நீங்களும் சென்று பாருங்கள். மனைப்பிரிவு பற்றிய பேச்சு எழுந்தால், உங்கள் சாய்வுமானி காட்டிய கோணத்தை அவர்களிடம் சொல்லிவையுங்கள். "அந்த மண்ணை எங்கே கொட்டப் போகிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியை அவர்கள் சபையில் எழுப்பினாலே போதும், கீழ் ஊரில் உறங்கும் பலருக்கு அது காவலாகும்.