கட்டியை விட்டுக் கிளம்பும் செல்கள்

குத்தினால் பரவுமா?

மார்பில் கட்டி தென்படுகிறது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். வீட்டில் யாராவது ஒருவர், "குத்தினா பரவிடும், வேண்டாம்" என்பார். பரிசோதனை மாதக்கணக்கில் தள்ளிப்போகும். பரவல் குறித்த பயம் நியாயமானதுதான். புற்றுநோய் மரணங்களில் பெரும்பாலானவை முதல் கட்டியால் நேர்வதில்லை, நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை என்று போய்க் குடியேறிய செல்களால் நேர்கின்றன. ஆனால் அந்தச் செல்கள் கிளம்புவதற்கு ஊசி தேவையில்லை. நாம் யோசித்துக்கொண்டிருக்கும் மாதங்களே போதும். விதைப்பைக் கட்டி போன்ற சிலவற்றில் ஊசி கூடாது என்பது மருத்துவர்களுக்கே தெரியும். மார்பகக் கட்டி அந்த வகையல்ல.

செல்லுக்குள் இருக்கும் கால்கள்

செல் எப்படிக் கிளம்பிப் போய்க் குடியேறுகிறது என்று அறிய, அதற்குள் பார்க்க வேண்டும். நம் செல்களுக்குள் நுண்குழல்கள் இருக்கின்றன. டியூபுலின் என்ற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவாகும் இவற்றின் குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். பந்தல்காரர் கால் நட்டுப் பிடுங்குவதைப் போல, செல் இவற்றை நிமிடக்கணக்கில் கட்டும், கலைக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது மரபுப்பொருளைப் பங்கிடுவதும், நகரும்போது முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று நிலைநிறுத்துவதும் இவைதான்.

பால்டிமோரில் கண்டது

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் செல் உயிரியலாளர் ஸ்டூவர்ட் மார்ட்டினின் குழு, ஆய்வுத் தட்டின் தரையில் ஒட்டியிருக்கும் செல்லை விட்டுவிட்டு, பிடி கழன்று மிதக்கும் மார்பகப் புற்றுச் செல்லைக் கவனித்தது. ரத்தத்தில் போகும் செல் மிதந்துகொண்டுதானே போகிறது! மிதக்கும் செல்லிலிருந்து நுண்குழல்களாலான மெல்லிய கரங்கள் நீள்வதை அவர்கள் கண்டார்கள். மைக்ரோடென்டக்கிள் என்று பெயரிட்டார்கள். செல்லின் மேலோட்டை இறுக்கிப் பிடிக்கும் ஆக்டின் என்ற புரத வலை தளரும்போது, உள்ளிருந்து தள்ளும் நுண்குழல்கள் வெளியே நீள்கின்றன. ரத்த ஓட்டத்தில் அடிபட்டு இந்தச் செல்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். பிழைத்தவை தந்துகி என்ற நுண்ணிய ரத்தக்குழாயின் சுவரைப் பற்றிக்கொள்ள இந்தக் கரங்கள் உதவுகின்றன. மூளை மறதி நோயில் பேசப்படும் டாவ் என்ற புரதம் நுண்குழல்களை உறுதிப்படுத்தக்கூடியது. அது மிகுந்த புற்றுச் செல்களில் கரங்களும் மிகுதி. எலிகளில் அப்படிப்பட்ட செல்கள் நுரையீரலில் அதிக நேரம் தங்கின.

மருந்தில் ஒரு முரண்

1962இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் சேகரித்த யூ மரப்பட்டையிலிருந்து வந்தது டாக்ஸால், அதாவது பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து. அது நுண்குழல்களைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது என்று 1979இல் நியூயார்க்கின் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். கலைக்க முடியாத செல் பிரியவும் முடியாமல் சாகிறது. ஆனால் அதே இறுக்கம், மிதக்கும் செல்லின் கரங்களை நீட்டக்கூடும் என்று ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் கீமோவை நிறுத்த வேண்டாம். தட்டில் வளர்த்த செல் வேறு, மனித உடம்பு வேறு. இந்த மருந்து நோயாளிகளின் ஆயுளைக் கூட்டுவது மருத்துவமனைச் சோதனைகளில் நிரூபணமானது. பிரிவதைத் தடுக்கும் மருந்தோடு, பற்றுவதைத் தடுக்கும் மருந்தும் வேண்டும் என்பதே இந்த ஆய்வு எழுப்பும் கேள்வி.

நம் வேலியோரச் செடிகள்

நித்தியகல்யாணியிலிருந்து வரும் புற்றுநோய் மருந்துகளான வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுப்பவை. செங்காந்தளில் இருக்கும் கோல்ச்சிசினும் டியூபுலினைத்தான் பிடிக்கிறது. அதன் நச்சுத்தன்மை காரணமாகப் புற்றுநோய்க்குத் தருவதில்லை. ஆகவே இந்தச் செடிகளின் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பது வைத்தியமாகாது. செங்காந்தள் கிழங்கைத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள்.

கீமோ எடுப்பவர்களுக்கு

நரம்பிழைகளின் நெடுக ஓடுவதும் நுண்குழல்கள்தான். அதனால் டாக்ஸால் வகை மருந்துகளால் விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகலாம், ஊசி குத்துவதுபோல எரியலாம். சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை, செருப்பு நழுவியது தெரியவில்லை என்றால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்; அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ அவருக்கு வழி உண்டு.