மேல்தாடை முறிவு: அவசரம் வேண்டாம்

சம்பளம் போகிறதே என்று, உடைந்த மேல்தாடை ஒட்ட முன்னமே வேலைக்கு ஓடுபவர்கள் எங்களில் உண்டு.

வைத்திய அறிக்கையில் 'லெபோர்' என்று எழுதியிருக்கலாம். 1901இல் இம்முறிவுகளை மூன்றாக வகுத்த பிரெஞ்சு வைத்தியரின் பெயர் அது. மேல்தாடைக்கு இரத்த ஓட்டம் அதிகம்; தகடு வைத்துப் பொருத்தினால் பெரும்பாலும் 6 முதல் 8 கிழமைகளில் ஒட்டிவிடும். பிந்தினால் முறிவு அசைவது, கிருமித்தொற்று, புகைத்தல், கட்டுப்படாத சலரோகம் காரணமாகலாம். வைத்தியர் சொல்லும்வரை கஞ்சி, சூப், குழைத்த சோறுதான். மூக்குச் சிந்தவும் கூடாது.

மேற்பல் வரிசை ஆடினாலோ, கடி பொருந்தாவிட்டாலோ திரும்பப் போய்க் காட்டுங்கள். மூக்கால் தெளிந்த நீர் வடிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேலைத்தலத்தில் அடிபட்டிருந்தால் முதலாளிக்கு உடனே அறிவியுங்கள். கியூபெக்கில் பிழை யாருடையதாயினும் சி.என்.இ.எஸ்.எஸ்.ரி.யிடம் 6 மாதத்துக்குள் நட்டஈடு கேட்கலாம். பாஷை தெரியாதென்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.